பாரசிட்டமால் முதல் பப்பாளி வரை... கர்ப்பகால நம்பிக்கைகளில் எது வெறும் கதை, எது ஆபத்து?

2025 செப்டம்பர், கர்ப்பிணிகளைப் பயமுறுத்துவதற்கென்றே வந்த மாதம் போல இருந்தது. 7-ம் தேதி ஞாயிறு இரவு முழு சந்திர கிரகணம். "வெளியில வராதே, கத்தி, ஊசியைத் தொடாதே, குழந்தைக்கு உதடு பிளந்துடும்" என்பது வழக்கமாக வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. பதினைந்து நாள் கழித்து, 22-ம் தேதி, வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் டொனால்டு ட்ரம்ப் மைக் முன்னால் நின்று, கர்ப்பிணிகள் டைலனால் சாப்பிட வேண்டாம், குழந்தைக்கு ஆட்டிசம் வர அது காரணமாக இருக்கலாம் என்று சொன்னார். டைலனால் என்றால் வேறொன்றும் இல்லை. நம்ம ஊர் டோலோ, க்ரோசின், கால்பால். எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது அதே பாரசிட்டமால்தான்.

ஒரு எச்சரிக்கை பாட்டியிடமிருந்து, இன்னொன்று வெள்ளை மாளிகையிலிருந்து. முதலாவதைச் சிரித்துக் கடந்துவிடும் படித்த வீடுகளில்கூட இரண்டாவது எளிதாக நுழைந்துவிடும். ஏனென்றால் அது 'ஆய்வு சொல்கிறது' என்ற சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

கர்ப்பகால நம்பிக்கைகள் பற்றிப் பேசும்போது குங்குமப்பூ, பப்பாளி என்று ஒரு பட்டியல் போட்டு 'பொய்', 'உண்மை' என்று டிக் அடிப்பது வழக்கம். ஆனால் எல்லாப் பொய்யும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. ஒரு கதையை நம்புவதால் அந்தப் பெண் எதைச் சாப்பிடாமல் விடுகிறார், எந்த மாத்திரையை நிறுத்துகிறார், எந்த அறிகுறியைக் கண்டுகொள்ளாமல் இருக்கிறார் என்பதுதான் பார்க்க வேண்டிய கணக்கு. அந்தக் கணக்கில் குங்குமப்பூ கடைசி வரிசையில்தான் நிற்கும்.

பாரசிட்டமால்: பயம் எங்கிருந்து வந்தது?

ட்ரம்ப் சொன்னது காற்றில் இருந்து வந்ததல்ல. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஏற்கெனவே வெளியான 46 ஆய்வுகளை அலசி, கர்ப்பத்தில் பாரசிட்டமால் எடுத்ததற்கும் குழந்தைகளின் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளுக்கும் தொடர்பு தெரிகிறது என்று எழுதினார்கள். தொடர்பு என்பது வேறு, காரணம் என்பது வேறு. குடை பிடித்தவர்கள் அதிகம் உள்ள ஊரில் மழையும் அதிகம் என்றால், குடையால் மழை வந்தது என்று அர்த்தமில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்க்க நல்ல வழி, ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிடுவது. ஒரு கர்ப்பத்தில் பாரசிட்டமால் எடுத்தார், இன்னொன்றில் எடுக்கவில்லை. வீடு, மரபணு, அம்மா எல்லாம் ஒன்று. மாத்திரை மட்டும்தான் வேறு. ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து இதைச் செய்தார்கள். முடிவு 2024-ல் வெளியானது. பொதுவாக ஒப்பிட்டபோது ஒரு சிறிய வித்தியாசம் தெரிந்தது. உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. அதாவது, பிரச்னை மாத்திரையில் இல்லை. மாத்திரை எடுக்க வைத்த காய்ச்சல், ஒற்றைத் தலைவலி, குடும்பத்தின் மரபணு போன்றவை முதல் ஒப்பீட்டில் கலந்திருந்தன.

ட்ரம்ப் பேசிய அதே நாளில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவர்களுக்கு அனுப்பிய குறிப்பிலேயே, மாத்திரைதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்ற வரி இருந்தது. இரண்டு நாள் கழித்து உலக சுகாதார அமைப்பும் ஆட்டிசத்தோடு தொடர்பை உறுதிசெய்யும் ஆதாரம் இல்லை என்றது. வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோ துண்டுகளில் இந்த இரண்டுக்கும் இடம் கிடைக்கவில்லை.

சரி, தேவையில்லாமல் ஒரு மாத்திரையைத் தவிர்த்தால் என்ன நஷ்டம்? இரண்டு நஷ்டம். முதல் மூன்று மாதத்தில் வரும் கடுமையான காய்ச்சலுக்கும் குழந்தையின் மூளை, தண்டுவடக் குறைபாடுகளுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காய்ச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது குழந்தைக்குச் செய்யும் நல்லது இல்லை.

இரண்டாவது நஷ்டம் நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. "பாரசிட்டமால் வேணாம்ணா, வேற ஏதாவது வலி மாத்திரை குடுங்க" என்று கேட்டால் கைக்கு வரக்கூடியது ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகையாக இருக்கலாம். கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அதே அமெரிக்க அமைப்பு 2020-லேயே எச்சரித்திருக்கிறது. பாதுகாப்பானதைப் பார்த்துப் பயந்து, ஆபத்தானதைக் கையில் எடுப்பது என்பது இதுதான். கர்ப்பிணிக்குக் காய்ச்சலோ வலியோ வந்தால் மருத்துவர் சொல்லும் அளவில், தேவையான நாள் மட்டும் பாரசிட்டமால். இந்த அறிவுரை 2025-க்கு முன்பும் இதுதான், இப்போதும் இதுதான்.

இதே பயத்தின் இன்னொரு முகம், 'கன்சீவ் ஆனதும் எல்லா மாத்திரையையும் நிறுத்திடணும்' என்ற எண்ணம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்குக் கர்ப்பத்தில் பெரும்பாலும் அளவைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும். ஆஸ்துமா இன்ஹேலரை நிறுத்தி மூச்சுத் திணறினால் குழந்தைக்கும் ஆக்ஸிஜன் குறையும். வலிப்பு மாத்திரைகளில் வால்ப்ரோயேட் போன்ற சில நிஜமாகவே கருவுக்குக் கெடுதல்தான். ஆனாலும் அதைத் தானாக நிறுத்தக் கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேசி மாற்ற வேண்டும்.

கறுப்பாகிவிடும் என்று டிராயரில் தூங்கும் மாத்திரை

தமிழ்நாட்டில் அதிகம் கெடுதல் செய்யும் கர்ப்பகாலக் கதை எது என்று கேட்டால், இரும்புச்சத்து மாத்திரையைச் சொல்லலாம். "அந்த மாத்திரை சாப்பிட்டா குழந்தை கறுப்பா பொறக்கும்", "குழந்தை பெருசாகிடும், அப்புறம் ஆபரேஷன்தான்" என்று இரண்டு கதைகள்.

முதல் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். உடல் எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியேறுவதுதான் அது. குழந்தையின் நிறத்தை முடிவு செய்வது அம்மா, அப்பாவிடமிருந்து வரும் மரபணுக்கள். மாத்திரைக்கு அதில் வேலையே இல்லை. குங்குமப்பூவுக்கும் இல்லை. (கிராம் கணக்கில் விற்கும் அந்தக் குங்குமப்பூ டப்பாவின் விலையில் பல மாதத்துக்கு முட்டை வாங்கிவிடலாம்.)

தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 48.3 சதவீதம். இதற்கு முந்தைய ஆய்வில் தமிழ்நாட்டின் அளவு 44.4. ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலத்தில், மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில், இந்த எண் கூடியிருக்கிறது.

கர்ப்பத்தில் பெண்ணின் ரத்த அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. அதற்கும் குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் சேர்த்து இரும்பு வேண்டும். "பீட்ரூட், மாதுளை சாப்பிட்டா ரத்தம் ஊறும்" என்பது நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை. 100 கிராம் பீட்ரூட்டில் இருக்கும் இரும்பு 1 மில்லி கிராம்கூட இல்லை. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 27 மில்லி கிராம். அரசு தரும் மாத்திரையில் 60 மில்லி கிராம் இரும்பும் 500 மைக்ரோ கிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காவது மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள் எடுக்க வேண்டும். கீரையும் பேரீச்சையும் வேண்டாம் என்றில்லை. அவை மாத்திரையின் இடத்தைப் பிடிக்காது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாத்திரையை நிறுத்தும் எல்லாரும் கட்டுக்கதையை நம்பி நிறுத்துவதில்லை. குமட்டல், மலச்சிக்கல், வாயில் ஒரு இரும்பு வாடை எல்லாம் நிஜம். "எல்லாம் உன் பிரமை" என்று அதட்டி அனுப்பினால் மாத்திரை டிராயருக்குத்தான் போகும். ராத்திரி படுக்கும் முன் எடுத்துப் பார்ப்பது, வேறு வகை இரும்பு மாத்திரைக்கு மாறுவது என்று வழிகள் இருக்கின்றன. ரத்தசோகை அதிகமாக இருந்தால் ஊசி வழியாக இரும்பு ஏற்றும் வசதி அரசு மருத்துவமனைகளிலும் உண்டு.

இன்னொன்று, ஃபில்டர் காபி. டிபன் முடித்து, மாத்திரையைப் போட்டு, மேலே ஒரு காபி குடித்தால் இரும்பில் பெரும்பகுதி உடலில் சேராமலே போய்விடும். டீயும் அப்படித்தான். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது. எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ கூடச் சேர்த்தால் நல்லது. பல வீடுகளில் 'மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறலை' என்பதன் ரகசியம் இந்த டம்ளருக்குள் இருக்கலாம்.

ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்றால், பிரசவத்தில் ரத்தப்போக்கு எல்லாருக்கும் இருக்கும். ஹீமோகுளோபின் 11-க்கு மேல் இருக்கும் பெண்ணின் உடல் தாங்கும் இழப்பை, 7-ல் இருக்கும் பெண்ணின் உடலால் தாங்க முடியாது.

இரண்டு பேருக்குச் சாப்பிடுவதா, அரை வயிறா?

ஒரே வீட்டில் இரண்டு அறிவுரையும் கிடைக்கும். அம்மா வீட்டில் "ரெண்டு உயிருக்குச் சாப்பிடு". இன்னொரு பக்கம் "குழந்தை பெருத்துட்டா சிசேரியன்தான், அளவா சாப்பிடு". இரண்டுமே தப்பு.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்கு 350 கலோரி. ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை... முடிந்தது கணக்கு. அதிகம் தேவைப்படுவது புரதம். கடைசி மூன்று மாதத்தில் வழக்கத்தைவிட 22 கிராம் கூடுதலாக வேண்டும். சாதத்தை இன்னொரு கரண்டி போட்டு அதை ஈடுகட்ட முடியாது. பருப்பு, முட்டை, மீன், பால் என்று போக வேண்டும்.

அரை வயிறு சாப்பிட்டால் பிரசவம் சுலபமாகாது. குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்புதான் கூடும். அளவுக்கு மீறிக் குழந்தை பெருப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அம்மாவின் ரத்தத்தில் சர்க்கரை கூடுவது. அதைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் மிக எளிது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வர வேண்டிய கட்டாயம்கூட இல்லை. சென்னையைச் சேர்ந்த சர்க்கரை நோய் நிபுணர் வி.சேஷையா முன்னெடுத்த இந்த முறைதான் இன்று இந்தியாவின் அரசு மருத்துவமனைகளில் நடைமுறையில் இருக்கிறது. "எங்க குடும்பத்துல யாருக்கும் சுகர் இல்லை" என்று இதைத் தவிர்ப்பதும் ஒரு கட்டுக்கதைதான்.

பப்பாளி, கிரகணம், ஸ்கேன்: சுருக்கமாக

பப்பாளிக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. 2002-ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் எலிகளுக்குப் பழுத்த பப்பாளிச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காயில் இருந்து வடியும் பால், எலியின் கருப்பைத் தசையைச் சுருங்கவைத்தது. ஆக, காயையும் அரைப்பழத்தையும் தவிர்ப்பதில் நியாயம் உண்டு. நன்றாகப் பழுத்த பழத்தை ரெண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்க அழுதுகொண்டிருக்கத் தேவையில்லை.

கிரகணத்துக்கு வந்தால், உதட்டுப் பிளவு எப்போது முடிவாகிறது என்று பார்த்தால் போதும். கருவின் உதடு 4 முதல் 7 வாரத்துக்குள் உருவாகிவிடுகிறது, மேல் அண்ணம் 9-வது வாரத்தையொட்டி. வயிறு தெரிய ஆரம்பித்த பெண்ணை அறைக்குள் உட்காரவைக்கும்போது, குழந்தையின் உதடு ஒட்டி முடித்துப் பல வாரம் ஆகியிருக்கும். கத்திக்கு வெட்ட ஒன்றும் மிச்சம் இல்லை. வீட்டுக்குள் இருப்பதால் கெடுதலும் இல்லை, இருந்துவிட்டுப் போகலாம். பட்டினி போடுவதுதான் பிரச்னை. இன்சுலின் போட்டுக்கொள்ளும் கர்ப்பிணி, கிரகணத்துக்காக இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழலாம்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சு கிடையாது, அது ஒலி அலை. வயிறு கூம்பியிருந்தால் ஆண், பரந்திருந்தால் பெண் என்பதற்கும் ஆதாரம் இல்லை. வயிற்றின் வடிவம் தசையையும் குழந்தை படுத்திருக்கும் விதத்தையும் பொறுத்தது. ஆணா, பெண்ணா என்பது அப்பாவின் விந்தணு கொண்டுவரும் குரோமோசோமில் முடிவாகிறது. பெண் குழந்தை பிறந்ததற்கு மருமகளைக் குறை சொல்லும் வீடுகள் இதைக் கவனிக்கலாம். ஸ்கேனில் பாலினம் கேட்பதும் சொல்வதும் 1994-ம் வருடச் சட்டப்படி குற்றம்.

வேலைக்குப் போகும் பெண்களிடம் சொல்லப்படும் 'முழு ஓய்வு' பற்றியும் ஒரு வார்த்தை. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை உலக சுகாதார அமைப்பே பரிந்துரைக்கிறது. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம்தான் கூடும்.

நல்ல நேரம் பார்த்து சிசேரியன்

தமிழ்நாட்டில் 2019-21 கணக்குப்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம். தேசிய சராசரி 21.5. இதற்குக் காரணங்கள் பல. அதில் ஒன்று குடும்பத்திடமிருந்தே வருகிறது. ஜோசியர் குறித்துக் கொடுத்த நட்சத்திரம், நேரம்.

ஏற்கெனவே சிசேரியன் முடிவாகிவிட்ட பெண்ணுக்குக் காலை பத்தா, பதினொன்றா என்று பார்ப்பதில் குடி முழுகாது. நல்ல நட்சத்திரத்துக்காக 37-வது வாரத்திலேயே எடுக்கச் சொல்வது வேறு விஷயம். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் சிசேரியன் செய்தால், குழந்தைக்கு மூச்சுத் திணறல் வந்து பச்சிளம் குழந்தைகள் ஐசியூவில் சேர்க்கும் வாய்ப்பு கூடுகிறது. கடைசி இரண்டு வாரத்தில் நுரையீரலும் மூளையும் சும்மா இருப்பதில்லை.

"முதல் குழந்தை ஆபரேஷன்னா ரெண்டாவதும் ஆபரேஷன்தான்" என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. தகுதியுள்ள பெண்கள் முயற்சி செய்தால் நூற்றில் 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் சாத்தியம். ஆனால் அவசரமாக ஆபரேஷன் செய்யும் வசதி அந்த மருத்துவமனையில் இருக்க வேண்டும். அப்புறம் அந்த முதுகு ஊசி. பத்து வருடம் கழித்து வரும் முதுகுவலிக்கும் அதன் மேல்தான் பழி. ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்ட கால முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை. கர்ப்பத்தில் மாறிய உடல் சமநிலை, தளர்ந்த வயிற்றுத் தசை, குழந்தையைத் தூக்கும் விதம் என்று காரணங்கள் வேறு பக்கம் இருக்கின்றன.

"இதெல்லாம் சகஜம்தான்"

பட்டியலில் பொதுவாக இடம்பெறாத கட்டுக்கதை இதுதான். யாரும் இதைக் கதை என்று நினைப்பதே இல்லை. அன்பாகத்தான் சொல்கிறார்கள். "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும், எனக்கும் வீங்குச்சு."

சாயங்காலம் கால் லேசாக வீங்கி, படுத்து எழுந்தால் வற்றுவது பெரும்பாலும் சகஜம். முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மோதிரம் கழற்ற முடியாமல் போவது, விடாத தலைவலி, கண் மங்குவது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, இவை சகஜம் இல்லை. 20 வாரத்துக்குப் பிறகு பிபி 140/90 அல்லது அதற்கு மேல் போவதோடு இவையும் சேர்ந்தால் அது ப்ரீ-எக்லாம்ப்சியாவாக இருக்கலாம். வலிப்பு வரை போய் அம்மா, குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்தாகும். பிரசவம் முடிந்த பிறகும் ஆறு வாரம் வரை இது வரலாம். "குழந்தை பொறந்தாச்சு, தூக்கம் இல்லை, அதான் தலைவலி" என்று விடும் வீடுகள் ஒரு தடவை பிபி பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று குழந்தையின் அசைவு. "ஒன்பதாம் மாசம் வயித்துல இடம் இல்லை, அசைவு குறையத்தான் செய்யும்" என்று சொல்லாத வீடு குறைவு. இது தவறு. கடைசி வாரங்களில் உதைப்பது உருள்வதாக மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது. வழக்கமாக எவ்வளவு, எப்போது துள்ளும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். அது குறைந்ததாகத் தோன்றினால் குழந்தைக்கு ஆக்ஸிஜனும் சத்தும் போதாமல் போவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டு, நாளைக்குக் காலையில் பார்க்கலாம் என்று காத்திருப்பது கூடாது. அப்போதே மருத்துவமனைக்குப் போய் இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்து திருப்பி அனுப்பினார்கள் என்றால் நல்லது. மறுநாள் மறுபடியும் அசைவு குறைந்தால் மறுபடியும் போக வேண்டும், "நேத்துதானே வந்தீங்க" என்று நர்ஸ் முகம் சுளித்தாலும். வண்டி இல்லை, நேரம் இரவு இரண்டு மணி என்றாலும் 108 வரும்.